மேலே ஏறத் தெரிந்தால் போதாது: மரத்தில் மாட்டிக்கொண்டவரை இறக்கும் பயிற்சி

மீட்புப் பயிற்சி என்ற பெயரில், மரமேறிக் கிளை வெட்டும் பல குழுக்கள் செய்வது இதுதான். கிளை எதுவும் குறுக்கிடாத இடமாகப் பார்த்து ஒரு மண்மூட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஒருவர் ஏறிப்போய் அதைத் தன் ஹார்னெஸோடு (இடுப்பிலும் தொடையிலும் அணியும் பாதுகாப்புக் கச்சை) இணைத்து, ஏறுகயிற்றை இறுகப் பிடித்திருக்கும் ஹிட்ச் முடிச்சை இழுத்துக்கொண்டே கீழே வந்துவிடுவார். பதிவேட்டில் கையெழுத்து விழும். அடுத்த வருடமும் அதே மரம், அதே மூட்டை.

உண்மையில் அடிபட்டவர் அப்படித் தொங்குவதில்லை. அவருடைய லேன்யார்டு, அதாவது இடுப்பை மரத்தோடு பிணைக்கும் குட்டைக் கயிறு, மரத்தைச் சுற்றி இறுகிக் கிடக்கும். ஒரு கால் கவட்டையில் சிக்கியிருக்கும். செயின்சா இடுப்பிலிருந்து தொங்கிக்கொண்டு கிளைகளில் மாட்டும். தலை பின்னால் சரிந்திருக்கும். மூட்டைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, அது எதிலும் சிக்காது. கைகால் தளர்ந்த 80 கிலோ மனிதர் தொட்ட இடத்திலெல்லாம் சிக்குவார். ஏறிப்போவதிலோ இறங்கி வருவதிலோ நேரம் அவ்வளவாகப் போவதில்லை. இடையில் உள்ள நாலைந்து சிக்கல்களில்தான் போகிறது. பயிற்சி நேரத்தில் முக்கால்வாசியை அந்தச் சிக்கல்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பதிவும் அவற்றைப் பற்றியதுதான்.

கயிறு போடும்போதே முடிவாகிவிடுவது

மேலிருப்பவரை எவ்வளவு சீக்கிரம் இறக்க முடியும் என்பதைப் பெரும்பாலும் அவர் காலையில் கயிறு போட்ட விதமே தீர்மானித்துவிடுகிறது.

இரட்டைக் கயிறு முறையில் கயிறு கிளைக்கு மேல் ஓடித் திரும்பி ஏறுபவரிடமே வந்து முடிகிறது. அவர் நினைவிழந்தால் தரையில் நிற்பவரால் அவரை ஒரு அங்குலம்கூட இறக்க முடியாது. யாராவது அவரிடம் போய் அவருடைய ஹிட்சைத் தொட்டாக வேண்டும். ஒற்றைக் கயிறு முறையில் உச்சியிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டினாலும் இதே நிலைதான். கயிற்றின் மறுமுனையைக் கீழே அடிமரத்தில் ஒரு இறக்கும் கருவியோடு கட்டியிருந்தால் மட்டும் தரையாள் ஏறாமலேயே அவரைக் கீழே கொண்டுவரலாம்.

இதில் கயிற்றின் நீளத்தைக் கணக்குப் பார்க்காமல் விடுகிறார்கள். 20 மீட்டர் உயரத்தில் ஆங்கர் (கயிறு தொங்கும் பிடிமானப் புள்ளி) என்றால், கயிறு ஏறிப்போக 20, மறுபுறம் இறங்கிவர 20, ஆக 40 மீட்டர் சும்மா நிற்பதற்கே செலவாகிவிடும். உச்சியில் இருப்பவரைத் தரைவரை இறக்க இன்னொரு 20 வேண்டும். மொத்தம் 60, உயரத்தைப் போல மூன்று மடங்கு. 45 மீட்டர் கயிற்றை வைத்துக்கொண்டு இறக்க ஆரம்பித்தால் ஐந்து மீட்டரில் கயிறு தீர்ந்துவிடும். ஆள் 15 மீட்டர் உயரத்தில் நிற்பார். முனையில் தடுப்பு முடிச்சும் இல்லையென்றால் கயிறு கருவியை விட்டே வெளியேறி அவர் விழுந்துவிடுவார். அதனால் கயிறு மூன்று மடங்கு நீளம் இருக்க வேண்டும், முனையில் முடிச்சு இருக்க வேண்டும். இரண்டில் எதையும் விடக்கூடாது.

அடிமரத்தில் கட்டுவதில் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, கயிற்றின் இரு பக்கமும் கிளையை இழுப்பதால் மேலே உள்ள கிளை ஏறுபவரின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். மீட்பவரும் அதே கயிற்றுக்கு வந்துவிட்டால், உபகரணங்களோடு இருவரும் 180 கிலோ என்று வைத்தால், கிளைக்கு 360 கிலோ வரை போகும். அதனால்தான் ஏறுவதற்கு முன் தரையிலேயே இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கி ஆட்டிப் பார்க்கிறோம். ஒருவர் மட்டும் தொங்கிப் பார்ப்பது ஏறுவதற்கான சோதனையாகலாம், மீட்புக்கான சோதனையாகாது. இரண்டாவது, அடிமரத்தோடு வரும் அந்தக் கயிறு கீழே கிளை வெட்டுபவரின் ரம்பத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பளிச்சென்று தெரியும் நாடாவைக் கட்டி, அந்த மரத்தடியில் யாரும் ரம்பத்தை இயக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

லேன்யார்டு மரத்தைச் சுற்றியிருந்தாலோ, ஆளுக்கும் தரைக்கும் நடுவில் பெரிய கொப்புகள் இருந்தாலோ இந்த வசதி பயன்படாது. எனவே மீட்பவர் ஏறுவதற்கென்று இரண்டாவது கயிறு ஒன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். கயிற்றைக் கிளைமேல் ஏற்றுவதற்கான எறிபையும் எறிகயிறும் கையில் இருக்கும் காலை நேரத்தில் இதைப் போட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆள் மேலே அலறிக்கொண்டிருக்கும்போது 340 கிராம் எறிபையைச் சரியான கவட்டைக்குள் போடுவது அதே ஐந்து நிமிடத்தில் முடியாது. நடுங்கும் கையால் எறிந்த பை நாலு முறை தவறும், ஐந்தாவது முறை சிக்கிக்கொள்ளும்.

மீட்புப் பையில் மீட்பவருடைய அளவுக்குச் சரிசெய்யப்பட்ட ஹார்னெஸ், ஹெல்மெட், ஹிட்சும் கராபினரும் (பூட்டுக் கொக்கி) பூட்டித் தயாராக உள்ள ஏறுகயிறு, லேன்யார்டு, தண்டில் குத்தி ஏறும் கால்முள், 60 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) இரண்டு, 120 செ.மீ. ஸ்லிங் இரண்டு, கூடுதலாக நான்கு தானாகப் பூட்டும் கராபினர்கள், ஒரு சிறு கப்பித் தொகுப்பு, முனை மழுங்கிய கத்தரி, டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்தக் கைகாலில் இறுக்கும் பட்டை) இரண்டு, காயத்துக்குள் திணிக்கும் துணிச்சுருள் ஆகியவை இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு இந்தப் பையைத் தொடக் கூடாது. "ஒரே ஒரு கராபினர், இப்போ தந்துடறேன்" என்று எடுத்துப்போனது திரும்பி வராது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் லோலர் என்னும் தூக்குக் கருவி விதிகளின்படி ஆளைத் தூக்கும் உபகரணங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். மீட்புப் பைக்கும் அது பொருந்தும். பயன்படுத்தாமல் வைத்ததாலேயே அது நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. வண்டிக்குள் சங்கிலி எண்ணெய்க்குப் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்த கயிற்றை நான் நம்பமாட்டேன்.

ஆள் விஷயம். ஏறுபவர் ஒருவர், கிளை இழுக்க ஒருவர் என்று இரண்டு பேரோடு வேலைக்குப் போனால், இழுப்பவருக்கு ஏறி மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அங்கே மீட்புத் திட்டம் என்று ஒன்று இல்லை. தீயணைப்புத் துறையை அழைப்போம் என்பது திட்டமாகாது. ஏணி எட்டாத மரங்களில், கயிறு வேலை பழகாத அணி வந்து சேர்ந்து யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு உயர வேலை விதிகள், அவசரநிலைக்கும் மீட்புக்கும் முன்கூட்டியே திட்டமிடச் சொல்கின்றன. அங்கே மரமேறும் சான்றிதழை நெடுங்காலம் சிஎஸ்38 என்றே அழைத்தார்கள். ஏறுவதும் மீட்பதும் அந்த ஒரே அலகுக்குள் அடக்கம். மீட்கத் தெரியாமல் ஏறும் சான்றிதழ் கிடைக்காது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் காலையிலேயே செய்துவிட வேண்டும். ஏறுபவர் தன் கயிற்றமைப்பைத் தரையாளிடம் காட்ட வேண்டும். ஜிக்ஜாக், ரோப் ரெஞ்ச், ரோப் ரன்னர் ஆகிய கருவிகள், வெறும் விடி (VT) என்னும் ஹிட்ச் முடிச்சு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கயிற்றை விடும். தெரியாத கருவியைப் பத்து மீட்டர் உயரத்தில் ரத்தம் பட்ட கையுறையோடு முதன்முறையாக ஆராயும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

முதல் ஒரு நிமிடம்

ஓடிப்போய் ஏறுவதுதான் இயல்பாக வரும். பயிற்சியால் அடக்க வேண்டியதும் அதைத்தான். முதலில் எல்லா ரம்பங்களும், கிளை அரைக்கும் இயந்திரமும் நிற்க வேண்டும். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அவசரநிலை என்று எடுத்துக்கொள்வதை முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். பதில் வந்தால் நல்லது. விழிப்போடு இருப்பவர் பெரும்பாலும் தானே இறங்கிவிடுவார், அல்லது கீழிருந்து சொல்லச் சொல்ல இறங்குவார். அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் இன்னொருவரை மேலே அனுப்புவது ஆபத்தை இரண்டாக்குவதுதான்.

அடுத்தது மின்சாரம். கம்பி மரத்தைத் தொட்டிருக்கிறதா, ஆள் அதற்கு அருகில் இருக்கிறாரா, கருவியோ வெட்டிய கிளையோ அதன்மேல் கிடக்கிறதா? ஒன்றுக்கு ஆமென்றாலும் மரத்தைத் தொடக் கூடாது. மின்வாரியத்தினர் மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைத்து, உறுதி சொல்லும்வரை அது உயிர்க்கம்பிதான். பச்சை மரமும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். மரத்தைச் சுற்றியுள்ள நிலத்திலும் மின்னழுத்தம் பரவியிருக்கலாம். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையிலான வேறுபாடே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல், ஒட்டியபடியே சிறு சிறு நகர்வாக விலக வேண்டும். மரவேலைப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் இசட்133 தரநிலை, மின்கம்பி வேலைக்கெனத் தனிப்பயிற்சி பெறாதவர்கள் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளிலிருந்து குறைந்தது பத்து அடி, அதாவது 3 மீட்டர் தள்ளியிருக்கச் சொல்கிறது. அந்த எல்லை அன்றாட வேலைக்கு. மீட்கப் போகிறோம் என்பதற்காக அது குறையாது. கூட இருப்பவர் கண்ணெதிரே மேலே கிடக்க, கீழே நின்று காத்திருப்பது இந்தத் தொழிலிலேயே கடினமான காரியம். பயிற்சியில் ஒருமுறையாவது அந்தச் சூழலைக் கொடுத்து, "ஏறமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

குளவிக்கூடு, பாதி முறிந்து தொங்கும் கொப்பு, வெட்டு பாதியில் நிற்கும் தண்டு ஆகியவற்றையும் ஏறுவதற்கு முன் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

இதே நேரத்தில் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். "யாராவது கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள், பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இடம், எந்த வாசல் வழி, எத்தனை மீட்டர் உயரம், மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்று சொல்லிவிட்டு, வண்டியை எதிர்கொள்ள வாசலுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். மற்றவர்கள் மரத்தடியைக் காலி செய்ய வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலையிலிருந்து வெட்டிப்போட்ட கிளைகள் மரத்தடியில்தான் குவிந்திருக்கும். அடிபட்டவர் அதன்மேல்தான் வந்து இறங்குவார். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சுத்தமான தரை, பக்கத்தில் விரித்த தார்ப்பாய், திறந்து வைத்த முதலுதவிப் பெட்டி, இவ்வளவும் மீட்பவர் மேலே போய்ச் சேர்வதற்குள் தயாராகிவிட வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும்

மீட்பவர் தனக்கென்று தனி ஆங்கர் வைத்துக்கொண்டு, முடிந்தவரை அடிபட்டவருக்குச் சற்று மேலிருந்து அணுக வேண்டும். கீழிருந்து போனால் அவருடைய கால், ரம்பம், அவர் விழுந்தால் அவரே எல்லாம் நம் தலைக்கு மேல்.

தொட்டவுடன் முதல் வேலை, ஒரு ஸ்லிங்கால் அவரைத் தன்னோடு இணைத்துக்கொள்வது. ஐந்து விநாடி வேலைதான். அவருடைய கயிறு ரம்பத்தில் பாதி அறுந்திருக்கலாம். ஒரே ஒரு புரி மீந்திருந்தாலும் பார்வைக்கு அது முழுக் கயிறு போலத் தெரியக்கூடும். அதன்பின் ரம்பம். ஓடுகிறதென்றால் நிறுத்தி, கீழே ஆள் இல்லை என்று கேட்டு உறுதிசெய்து கழற்றி இறக்கிவிட வேண்டும்.

உடனே ரத்தம். தொடையிலோ புயத்திலோ பெரிய தமனி அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே உயிர் போகலாம். அதனால் டூர்னிக்கெட்டை மரத்திலேயே போட வேண்டும், கீழே போய்ப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. மரமேறிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதலுதவி வகுப்பில் சொல்லித் தருபவர்கள் ஹார்னெஸ் போட்டவரை வைத்துச் சொல்லித் தருவதில்லை. தொடைக் காயத்துக்குப் பட்டையைக் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு செ.மீ. மேலே கட்ட வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில்தான் ஹார்னெஸின் தொடைப்பட்டை இருக்கும். அதன்மேல் டூர்னிக்கெட்டைக் கட்டினால் அழுத்தம் சமமாக இறங்காது. பட்டைக்கு மேலேயோ கீழேயோ, காயத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் இடம் கண்டுபிடித்துச் செருக வேண்டும். கால்சட்டைப் பையில் போன், ஆப்புத்துண்டு, கைரம்ப உறை எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ரம்பத் தடுப்புக் கால்சட்டையின் அடர்ந்த இழைகள் பஞ்சு மாதிரி அமுங்கும். அதனால் முதலில் பட்டையை இழுத்துத் தொய்வை முழுக்க எடுத்துவிட்டு, அதன்பிறகே திருகுகோலைத் திருக வேண்டும். தொய்வோடு திருக ஆரம்பித்தால் கோல் சுற்றிக்கொண்டே போகும், இறுக்கம் வராது. ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். அடிபட்டவர் வலியில் கத்துவார், நிறுத்தச் சொல்வார். தளர்த்தக் கூடாது. நேரத்தை அவருடைய ஹெல்மெட்டிலோ பட்டையிலோ எழுதிவிட வேண்டும்.

தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிக்கெட் நிற்காது. காயத்துக்குள் துணிச்சுருளைத் திணித்து அழுத்த வேண்டும். ஏறுபவர் தானே தனக்குப் போட்டுக்கொள்ளவும் பழக வேண்டும். ஒரு கையால் ரம்பத்தைப் பிடித்து மறுகையால் கிளையைப் பிடிக்கும் பழக்கத்தில் அடிபடுவது கிளையைப் பிடித்த அந்தக் கைதான், பெரும்பாலும் இடது கை. எனவே டூர்னிக்கெட் இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில், ஹார்னெஸின் முன்பக்கம் இருக்க வேண்டும். வலது கைக்கு மட்டும் எட்டும்படி பின்னிடுப்பில் வைத்தவர் வலது கை அறுந்தால் என்ன செய்வார்?

மூச்சு அடுத்தது. இடுப்புப் பிணைப்புள்ள ஹார்னெஸில் நினைவிழந்தவர் பின்னால் மல்லாந்துவிடுவார். 120 செ.மீ. ஸ்லிங்கை அக்குள்களுக்கடியில் எட்டு வடிவில் போட்டு முதுகுப் பக்கம் குறுக்காக்கி, முன்னால் ஒரு கராபினரில் சேர்த்துக் கயிற்றோடு இணைத்தால் நெஞ்சு நிமிரும், தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறக்கலாம். இதயம் நின்றவருக்கு மரத்தில் தொங்கியபடி நெஞ்சழுத்தம் கொடுத்துப் பலனில்லை. அவருக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி வேகமாகத் தரைக்குக் கொண்டுவருவது.

லேன்யார்டு

பயிற்சிகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். எல்லாம் சரியாகச் செய்து, இறங்க ஆரம்பித்து அரை மீட்டரில் "டக்" என்று நின்றுவிடும். அடிபட்டவரின் லேன்யார்டு இன்னும் மரத்தைச் சுற்றியே இருக்கும். இப்போது அவருடைய எடை லேன்யார்டில். மேலே தூக்கினால்தான் கழலும். அரை மீட்டர் முன்பு ஒரே விரலால் கழற்றியிருக்கலாம்.

எடையோடு இறுகியிருக்கும்போது ஹிட்ச் முடிச்சு வைத்த லேன்யார்டு மெல்ல நழுவிக்கொடுக்கும். உலோகப் பல் உள்ள சில கருவிகள் எடை இருக்கும்வரை விடவே விடாது. அவற்றுக்கு ஆளை இரண்டு மூன்று செ.மீ. தூக்க வேண்டும். அதற்குத்தான் பையில் கப்பித் தொகுப்பு. ஒன்றுக்கு மூன்று விசை கிடைத்தாலே 90 கிலோ ஆளுக்கு 30 கிலோ இழுப்பு போதும், உராய்வையும் சேர்த்தால் 40. கப்பித் தொகுப்பைச் சிக்கெடுத்து விரிப்பதையே தனியாகப் பழக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு.

வெட்டிவிடலாமே என்று தோன்றும். லேன்யார்டுக்குள் இரும்புக் கம்பி இருந்தால் கத்தி போகாது. வெறும் கயிறு என்றால் இறுகிய கயிற்றில் கத்தி பட்டதுமே தெறித்துவிடும், ஆள் சட்டென்று விழுந்து தன் கயிற்றில் இழுபடுவார். அதைவிட மோசம், தவறான கயிற்றை வெட்டிவிடுவது. மேலே இருவருடைய கயிறுகள், இரண்டு லேன்யார்டுகள், ரம்பத்தின் வார், ஸ்லிங்குகள் எல்லாம் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கும். அதற்கு ஒரே விதிதான்: வெட்டப்போகும் கயிற்றை ஒரு கையால் பிடித்து, அடிபட்டவரின் ஹார்னெஸிலிருந்து அதன் மறுமுனைவரை விரல் எடுக்காமல் தடவிக்கொண்டே போக வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில் வராது. இங்கே கத்தியைவிடக் கத்தரிதான் நல்லது. இரு அலகுக்கும் நடுவில் வைத்த கயிறு மட்டும்தான் அறும். கத்தி வழுக்கிப் பக்கத்துக் கயிற்றிலும் படும்.

கிளையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டவரின் லேன்யார்டைக் கழற்றுவது இன்னொரு பொறி. ஆங்கருக்கு 8 மீட்டர் கீழே, தண்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி அவர் இருக்கிறார் என்று வையுங்கள். பிடிமானம் விட்டதும் ஊஞ்சல் போல அடிமரத்தை நோக்கி வருவார். கயிற்றின் நீளம் 9.4 மீட்டர் என்பதால் அடியில் வரும்போது அவர் 1.4 மீட்டர் தாழ்ந்திருப்பார், வேகம் விநாடிக்கு 5.3 மீட்டர். மணிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில், தலை தொங்கியபடி, மரத்தில் மோதுவது. மீட்பவரும் அவரோடு ஸ்லிங்கால் இணைந்திருந்தால் இருவரும் மோதுவார்கள். எனவே கழற்றுவதற்கு முன் மீட்பவர் தன் நீளமான லேன்யார்டைக் கிளையைச் சுற்றிப் போட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருவரையும் தண்டின் பக்கம் நகர்த்த வேண்டும். இந்த ஒரு நகர்வை மட்டும் பத்து முறை பழகலாம், தகும்.

இறங்குவது

அடிபட்டவரின் கயிறும் ஆங்கரும் நன்றாக இருந்தால் அவர் தன் கயிற்றிலேயே இறங்கட்டும். மீட்பவர் தன் கயிற்றில். நடுவில் அரை மீட்டருக்கு மிகாத ஸ்லிங். ஒரு கை அவருடைய ஹிட்சில், இன்னொரு கை நம்முடையதில். அவருடைய தலை நம் நெஞ்சளவில் இருந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஒவ்வொரு ஹிட்சும் ஒருவர் எடையை மட்டும் தாங்குவதால் இதுதான் மென்மையான வழி.

அவருடைய கயிற்றை நம்ப முடியாவிட்டால் அவரை நம் கயிற்றுக்கு மாற்ற வேண்டும். அப்போது ஒரே ஹிட்சில் இரண்டு ஆள் எடை. சில முடிச்சுகள் இறுகி விடவே மாட்டேன் என்னும், சில திடீரென்று வழுக்கும். ஹிட்சுக்குக் கீழே எட்டு வடிவ உலோக வளையத்தையோ, கராபினரில் ஒரு மன்ட்டர் முடிச்சையோ சேர்த்துக் கூடுதல் உராய்வு கொடுத்தால் இரண்டு தொல்லையும் அடங்கும். இறங்கும் வேகம் முக்கியம், உராய்வில் கயிறு சூடாகும். கயிற்று இழைகளில் டைனீமா சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டும்வரை தாக்குப்பிடிக்கும். இரண்டு ஆள் எடையோடு வேகமாக இறங்கினால் ஹிட்ச் கயிற்றின் மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடி போல ஆகிவிடும். அப்படி ஆன கயிறு அன்றோடு சரி.

கயிறு முறை பொருந்தாத சில இடங்கள்

வாஷிங்டோனியா போன்ற விசிறிப்பனைகளில் காய்ந்த மட்டைகள் பாவாடை போலத் தொங்கும். கீழிருந்து ஏறி அதற்குள் வெட்டப் புகுந்தவர் மேல் மொத்தப் பாவாடையும் சரிந்து, தலையை நெஞ்சோடு அழுத்தி மூச்சை அடைத்துவிடும். சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். மீட்கப் போகிறவரும் கீழிருந்து மட்டைகளை வெட்டினால் மீதியும் சரியும். ஆளை உயர்த்தும் இயந்திர மேடையோ பக்கத்து மரமோ வழியாக மேலிருந்து வந்து, மேல் மட்டையிலிருந்து நீக்க வேண்டும். பாவாடைக்குக் கீழிருந்து ஏறுவதையே தடைசெய்வது இதற்கெல்லாம் முந்திய தீர்வு.

லேன்யார்டு சுற்றியிருக்கும் தண்டு வெட்டும்போது நெடுக்காகப் பிளந்தால், விரியும் மரம் லேன்யார்டை இழுத்து ஆளைத் தண்டோடு நசுக்கும். இங்கே ஒவ்வொரு விநாடியும் கணக்கு. லேன்யார்டை விடுவிக்கும் முன் அவர் வேறொரு கயிற்றில் இருக்கிறாரா என்று பார்த்தாக வேண்டும். ரம்பத்தைத் தொடும்போது இரண்டு பிணைப்பு வேண்டும் என்ற விதி இந்த நேரத்தில்தான் உயிரைக் காக்கும்.

இயந்திர மேடையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கேள்வி மட்டும்: தொட்டியில் இருப்பவர் மயங்கிவிட்டால் கீழிருந்து இறக்கும் பிடியும் அவசர வால்வும் எங்கே இருக்கின்றன என்று தரையாளுக்குத் தெரியுமா? தெரியாத குழுக்கள் மிக அதிகம். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

தரைக்கு வந்த பிறகு

அசையாமல் ஹார்னெஸில் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். விழிப்போடு மாட்டிக்கொண்டவர் ஒரு ஸ்லிங்கைக் கால்மிதியாக்கி அதில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தால் இதைத் தள்ளிப்போடலாம்.

இறக்கிய பிறகு படுக்க வைக்கக் கூடாது, முழங்காலை மடக்கி அரைமணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லித் தந்தார்கள். இன்னும் சில இடங்களில் அதையே சொல்கிறார்கள். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ 2009-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று இல்லை என்று காட்டிவிட்டது. வழக்கமான முதலுதவிதான்: மட்டமாகப் படுக்க வையுங்கள், மூச்சையும் ரத்தப்போக்கையும் பாருங்கள், மூச்சில்லாவிட்டால் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குங்கள். மயங்கியவரை உட்கார வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும். உங்கள் பயிற்சிக் குறிப்பில் பழைய வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

பயிற்சியை எப்படி அமைப்பது

முதல் நாள் இரண்டு மீட்டருக்கு மேல் போக வேண்டாம். அந்த உயரத்தில் தரையில் நிற்பவர் கையால் தொட்டுத் திருத்தலாம், தவறு செய்ய எல்லோருக்கும் துணிவு வரும். இணைப்பது, தடவித் தேடுவது, தூக்குவது, கழற்றுவது என ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியாக எடுத்து, நேரம் பார்க்காமல் பழக வேண்டும். கை தானாகப் போகும் அளவுக்கு வந்த பிறகு ஐந்தாறு மீட்டர், அதன்பிறகு நிஜ வேலை உயரம்.

பொம்மை 70 முதல் 80 கிலோ, கைகால் மடங்குவதாக, ஹெல்மெட், கால்முள், ரம்பம், லேன்யார்டு எல்லாம் போட்டதாக இருக்க வேண்டும். குறைந்த உயரத்தில் உயிருள்ள ஒருவரைத் தனிப் பாதுகாப்புக் கயிறோடு தொங்கவிடுவதும் நல்லது. பொம்மை "தொடைப்பட்டை வலிக்குது, தலை மோதுது" என்று சொல்லாது, அவர் சொல்வார்.

சிக்கலை அமைப்பவர் ஒருவர், மீட்பவர் வேறொருவர். மீட்பவருக்கு முன்கூட்டியே எதுவும் தெரியக் கூடாது. ஒருநாள் லேன்யார்டை இறுக்கிவிடுங்கள், ஒருநாள் அடிபட்டவரின் கயிற்றில் சிவப்பு நாடா சுற்றி "அறுந்தது" என்று வையுங்கள், ஒருநாள் மீட்புப் பையிலிருந்து ஒரு கராபினரை எடுத்துவிட்டுக் காலைச் சோதனையில் யார் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். அன்றைய தரையாளே மீட்பவராக இருக்கட்டும். குழுவில் வல்லவர் ஒருவரே எப்போதும் மீட்டுக்கொண்டிருந்தால், அடிபடப்போவது அவராக இருக்கும் நாளில் கை ஓடாது.

கடிகாரத்தைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள். நேரத்தை மொத்தமாகக் குறிக்காமல் கட்டம் கட்டமாகக் குறியுங்கள்: அழைத்தது, ஏறத் தொடங்கியது, தொட்டது, டூர்னிக்கெட் இறுகியது, லேன்யார்டு விட்டது, தரை. எந்தக் கட்டத்தில் நேரம் போனதோ அடுத்த பயிற்சி அதைப் பற்றியது. முழுக்குழுவுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள், புதிய ஆளோ புதிய கருவியோ வந்தால் அந்த வாரமே ஒருமுறை, இது நான் பரிந்துரைக்கும் அளவு.

பயிற்சிக்கு எடுத்த டூர்னிக்கெட்டைத் திரும்பவும் மீட்புப் பைக்குள் வைக்காதீர்கள். பலமுறை திருகியதில் பட்டையும் கோலும் தேய்ந்திருக்கும். அதன்மேல் "பயிற்சி" என்று பெரிதாக எழுதி வேறு பெட்டியில் போடுங்கள். கயிற்றை உலர்த்தி, பையைத் திரும்பக் கட்டி, ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்து, பையின் வாயில் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு முத்திரை நாடாவை ஒட்டிவிட்டால், மறுநாள் காலையில் அது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.